வீட்டில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்குகிறீர்களா? ஸ்டியரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் கிட் கார் (பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டும் கார்) என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை லோட்டஸ் செவன் சாயல் கொண்ட கார்கள்தான். லோட்டஸ் 1957-இல் அதைக் கொண்டுவந்தது. 1973-இல் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. அதன் பிறகும் அதே வடிவத்தைப் பார்த்து, வீட்டுக் கொட்டகையில் சதுரக் குழாயை வெல்டிங் செய்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட், சியாரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களிலிருந்து பாகங்களைக் கழற்றிப் பூட்டிக் கட்டியவர்கள் நிறைய. ‘லோகாஸ்ட்’ என்று அழைக்கப்படுபவை இந்த ரகம். இப்படி ஒருவர் கட்டி, இரண்டு மூன்று பேர் கைமாறி வரும் காரை வாங்கப் போகிறவர்களுக்கானது இந்தப் பக்கம். அதிலும் ஸ்டியரிங்கை மட்டும்தான் பேசப் போகிறோம். என்ஜின் நின்றுபோனால் ஓரம் கட்டலாம். ஸ்டியரிங் கழன்றால் ஓரம் கட்டவும் வழியில்லை.

‘வழக்கத்துக்கு மாறான’ ஸ்டியரிங் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வழக்கமானது எது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரே மாடல் காரிலிருந்து வந்த காலமும் (ஸ்டியரிங் வீலைத் தாங்கும் தண்டுப் பகுதி) ராக்கும் (பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்), இடையில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் (தண்டைக் கோணத்தில் மடங்கிச் சுற்றவிடும் இணைப்பு), ராக் முன் அச்சுக்குப் பக்கத்தில் நேராகப் பூட்டியிருக்கும். எஸ்கார்ட் இரண்டாம் தலைமுறைக் காரின் ராக்கை வைத்துக் கட்டிய லோகாஸ்ட்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள்.

மாறானவை பல விதம். மூன்று ஜாயின்ட் போட்டு எக்ஸாஸ்டைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோன தண்டு. தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டிய ராக். வாக்ஸ்ஹால் கார்சாவின் மின்சார பவர் ஸ்டியரிங் காலம். ஹைட்ராலிக் குழாய்களைக் கழற்றிவிட்டுச் சாதாரண ராக்காக ஓட்டும் எம்எக்ஸ்-5 பவர் ராக். அபூர்வமாக, நடுவில் ஒரு செங்கோணக் கியர் பெட்டி.

அப்படி இருந்தாலே வேண்டாம் என்று திரும்பிவிடலாமா?

வேண்டியதில்லை. குறுகலான சேஸிஸில் என்ஜின், பெடல், எக்ஸாஸ்ட், ஓட்டுபவரின் முழங்கால் எல்லாவற்றுக்கும் இடம் விட்டுத்தான் தண்டு போக வேண்டும். நேர்க்கோட்டில் போக முடியாதபோது கட்டியவர் ஏதாவது செய்தாக வேண்டும். எதற்காகச் செய்தார், அதை முழுதாகச் செய்து முடித்தாரா என்பதுதான் கேள்வி. ‘எக்ஸாஸ்ட் குறுக்கே வந்தது, அதனால் மூன்றாவது ஜாயின்ட், அதனால் இந்த பேரிங்’ என்று காரணம் சங்கிலியாக வந்தால் நல்ல அறிகுறி. ‘நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது’ என்றால் அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பற்றித் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை என்று பொருள். அப்போது நீங்களே முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கட்டும்போது எடுத்த படங்கள், பாகங்கள் வாங்கிய ரசீதுகள் கொண்ட கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உடல் தகடு பூட்டுவதற்கு முன் எடுத்த படம் ஒன்று இருந்தால் போதும், பாதி வேலை மிச்சம்.

காகிதங்களிலிருந்து ஸ்டியரிங் பற்றி ஏதாவது தெரியுமா?

கொஞ்சம் தெரியும். கிட் கார்களுக்கு 1998 முதல் எஸ்விஏ என்ற தனி வாகன அனுமதிச் சோதனை இருந்தது. 2009-இல் அதன் இடத்தில் ஐவிஏ வந்தது. இந்தச் சோதனைகளில் தேறிய கார் என்றால், குறைந்தது ஒரு நாளாவது விஷயம் தெரிந்த ஒருவர் ஸ்டியரிங்கைப் பார்த்திருக்கிறார். 1998-க்கு முன் பதிவான காருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆனால் சோதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங் வீலைக் கழற்றிச் சின்னதாக மாற்றுபவர்கள் உண்டு. பின்னால் வந்தவர் வேறு என்ஜின் போட்டு, அதற்காகத் தண்டின் பாதையையே மாற்றியிருக்கலாம். அனுமதி எந்த வருடம், என்ஜின் மாற்றம் எந்த வருடம் என்று பொருத்திப் பாருங்கள்.

வி5சி பதிவுச் சான்றில் இன்னும் ‘ஃபோர்டு எஸ்கார்ட்’ என்றே இருந்தால் உஷார். பழைய காரின் அடையாளத்திலேயே புதிய காரை ஓட்டுகிறார்கள். காப்பீட்டில் அது பெரிய வில்லங்கம். அதோடு, 40 வருடம் தாண்டிய வாகனம் என்று சொல்லி எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) விலக்கும் வாங்கியிருந்தால், வருடாந்திரச் சோதனைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எம்ஓடி வரலாறு அரசு இணையதளத்தில் இலவசம். பதிவு எண்ணை அடித்து, ஸ்டியரிங் பற்றிய குறிப்பு ஏதாவது திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

டார்ச், கைப்பிடியுள்ள சின்னக் கண்ணாடி, அளவு நாடா, சாக்பீஸ், பழைய துணி. ஜாக்கும் ஆக்சில் ஸ்டாண்டும் விற்பவரிடம் இருக்கும், போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கூட ஒரு ஆள்.

எங்கிருந்து தொடங்குவது?

சக்கரம் தரையில் இருக்கட்டும், என்ஜின் அணைந்திருக்கட்டும். கூட வந்தவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மணிக்கட்டு அசையும் அளவுக்கு. நீங்கள் ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பாருங்கள். கண்ணைவிடக் கை நம்பகமானது. ஜாயின்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பிடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்தால், ஒரு பக்கம் முதலில் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக வருவது அப்படியே விரலில் தெரியும். ஸ்டியரிங் வீலின் பாஸ் (வீலைத் தண்டோடு இணைக்கும் நடுத் துண்டு), கழற்றி மாட்டும் வகை என்றால் அதன் பூட்டு, காலம் புஷ், முதல் ஜாயின்ட், நடுத் தண்டு, அடுத்த ஜாயின்ட், பினியன் (ராக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரம்), ராக் கிளாம்ப், டை ராடு (ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டை ராடு எண்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நடுவில் ஒன்றைப் பார்த்து ஆர்வமாகி அங்கேயே நின்றுவிட்டால் கடைசி இரண்டை மறந்துவிடுவோம்.

ஆட்டம் எவ்வளவு வரை பரவாயில்லை? எம்ஓடி கையேட்டின் கணக்கு, 380 மி.மீ விட்டமுள்ள ஸ்டியரிங் வீலின் விளிம்பில், ராக் அண்ட் பினியனுக்கு 13 மி.மீ. ராக்குக்குப் பதில் ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள வண்டிக்கு 75 மி.மீ. செவன் வகைக் கார்களில் வீல் 280 மி.மீ அளவுக்குச் சிறியதாக இருக்கும். அதே ஆட்டம் அங்கே 10 மி.மீக்குக் கீழேதான் தெரியும். ‘12 மி.மீதானே, எம்ஓடிக்குள் இருக்கிறது’ என்று சின்ன வீலை வைத்துக்கொண்டு யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

யுனிவர்சல் ஜாயின்ட் மூன்று இருக்கிறது. அதில் என்ன பார்ப்பது?

இந்த மாதிரிக் கார்களில் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் வேலை செய்யும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகமாகும், இரண்டு முறை மெதுவாகும். 30 டிகிரி கோணத்தில் இந்த வித்தியாசம் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை போகும். இரண்டு ஜாயின்ட்களைச் சரியாகப் பொருத்தினால் ஒன்றின் கோளாறை மற்றது அடித்துவிடும். 90 டிகிரி தப்பாகப் பொருத்தினால் இரண்டும் சேர்ந்துகொண்டு 0.75-இலிருந்து 1.33 வரை போய்விடும். அப்படிப்பட்ட காரை வளைவில் ஓட்டினால், கை ஒரே சீராகத் திருப்பினாலும் கார் ஒரு கட்டத்தில் சட்டென்று உள்ளே பாயும்.

சரியான பொருத்தம் என்பது, நடுத் தண்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக்குகள் (ஜாயின்டின் கவை போன்ற பாதிகள்) ஒரே தளத்தில் இருப்பது. அதோடு இரண்டு கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் இதோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால் தண்டு கீழேயும் வளைந்து பக்கவாட்டிலும் வளைந்து போனால், யோக்குகளைக் கொஞ்சம் முறுக்கி வைப்பதுதான் சரி. அதனால் முறுக்கலாக இருப்பதைப் பார்த்ததும் தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். அளந்து பாருங்கள்.

முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்டியரிங் வீலில் எட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் டை ராடு எத்தனை மி.மீ நகர்கிறது என்று எழுதிக்கொண்டே போங்கள். எண்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் கட்டியவருக்கு வேலை தெரியும். மாறி மாறி ஏறி இறங்கினால் பொருத்தம் தப்பு. ஸ்ப்ளைனில் (தண்டு முனையில் வெட்டிய பல்வரிசை) கழற்றி ஒன்றிரண்டு பல் நகர்த்திப் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும். இது பேரம் பேச நல்ல விஷயம், ஓடிப்போகும் விஷயம் இல்லை.

ஒவ்வொரு ஜாயின்டையும் கோணத்திலும் பாருங்கள். ஒரே ஜாயின்டில் 35 டிகிரிக்கு மேல் மடித்திருந்தால் எனக்குப் பிடிக்காது. முழுச் சுற்று சுற்றும்போது எங்காவது கடகடவென்று கடித்தால், உள்ளே நீடில் பேரிங் துருப்பிடித்திருக்கும்.

மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் பேரிங் கட்டாயமா?

கட்டாயம். இரண்டு ஜாயின்டுக்கு இடையில் ஒரே ஒரு தண்டு, அது தானாக நிற்கும். மூன்று வந்தால் இரண்டு தண்டு. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் நடு ஜாயின்ட் பக்கவாட்டில் துள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்குப் பதில் தண்டு விலகும். பேரிங் சேஸிஸ் குழாயில் உறுதியான பிராக்கெட்டில் இருக்க வேண்டும். அலுமினிய உடல் தகட்டில் ரிவெட் அடித்து மாட்டியிருந்தால் பேரிங் இல்லாததற்குச் சமம்.

போல்ட்டுகளில் எதைக் கவனிப்பது?

ஜாயின்டை ஸ்ப்ளைனோடு இறுக்கும் போல்ட்டைத்தான். தண்டின் முனையில் ஒரு பள்ளமோ சுற்றுக்காடியோ வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் ஊடாகப் போக வேண்டும். அப்படிப் போனால் நட்டு லூஸானால்கூட போல்ட் இருக்கும்வரை தண்டு வெளியே உருவிவர முடியாது. தண்டு முழுதாக உள்ளே போகாமல் பள்ளத்துக்கு முன்பாகவே போல்ட்டை இறுக்கியிருந்தால், வெறும் அழுத்தத்தை நம்பித்தான் கார் ஓடுகிறது.

வெளியிலிருந்து இதைப் பார்ப்பது கஷ்டம். ஒரு வழி: ஜாயின்டின் வாயருகே வெளியே தெரியும் ஸ்ப்ளைனைப் பாருங்கள். பளபளவென்று 10, 15 மி.மீ ஸ்ப்ளைன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்டு முழுதாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். அப்போது விற்பவரிடம் அனுமதி கேட்டு அந்த ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். சரியான போல்ட் என்றால் உருவும்போது லேசாகத் தண்டை உரசிக்கொண்டு வரும். லொடலொடவென்று வந்தால் அளவு சிறியது. கழற்ற அனுமதிக்காதவரிடம் கோபப்பட வேண்டாம், அவர் கார். ஆனால் அது தெரியாமல் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

நைலாக் நட்டு என்றால் நைலானைத் தாண்டி மரை வெளியே தெரிய வேண்டும். கோட்டை நட்டில் (தலையில் வெட்டுகள் உள்ள நட்டு) ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டும். ஆணியோ கம்பியோ இருந்தால், மற்ற இடங்களிலும் இதே மனிதர்தான் வேலை பார்த்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

தண்டை வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

என்னைக் கேட்டால், அந்தத் தண்டோடு ஓட்டாதீர்கள். நன்றாகச் செய்த வெல்டிங்கும் உண்டு: ஒரு குழாய்க்குள் இன்னொன்றைச் செருகி, ஊடே துளையிட்டு அங்கேயும் நிரப்பி, முறையாகச் செய்திருப்பார்கள். ஆனால் பெயின்டுக்கு அடியில் இருப்பது அதுதானா, அல்லது இரண்டு முனையை நேருக்கு நேர் வைத்து ஒட்டியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஸ்ப்ளைன் வெட்டிய புதிய தண்டை அளவுக்குச் செய்துதரும் கடைகள் பிரிட்டனில் உண்டு. அதற்கான செலவை விலையில் கழித்துக்கொண்டு, கார் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள். வீட்டுக்குக் கொண்டுவருவதும் டிரெய்லரில்.

ராக்கைக் கவிழ்த்துப் பூட்டியிருக்கிறார்கள். ஏன் அப்படி?

ராக் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டியது, இடம் இல்லாமல் முன்னால் போயிருக்கும். ஸ்டியரிங் ஆர்ம் (டை ராடு பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கை) முன்னோக்கி வந்ததும் திசை தலைகீழாகிவிடும்: வலது பக்கம் திருப்பினால் கார் இடது பக்கம் போகும். ராக்கைக் கவிழ்த்தால் அது நேராகும். அதில் தப்பு இல்லை. அதோடு கூட வரும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஆர்ம்கள். ஆர்ம் பின்னோக்கி இருக்கும்போது முனைகள் உள்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் உள் சக்கரம் அதிகம் திரும்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இடது வலது ஸ்டப் ஆக்சிலை (சக்கரம் சுற்றும் குட்டை அச்சு) மாற்றிப் போட்டு ஆர்மை முன்னே கொண்டுவந்தவர், அதே உள்சாய்வை அப்படியே விட்டிருந்தால் வெளிச் சக்கரம் அதிகம் திரும்பும். நிறுத்துமிடத்தில் முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். டயர் கீச்சிட்டுக்கொண்டு தரையைத் தேய்த்தால் இதுதான் காரணம்.

இன்னொன்று இதைவிட மோசம். முழு ஒடிப்பில் டை ராடும் ஆர்மும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டுக்கு வருகின்றனவா என்று பாருங்கள். நேர்க்கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் அங்கேயே மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. ஸ்டாண்டில் தூக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும். அப்போதே பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பம்ப் ஸ்டியர் என்கிறார்களே, அதைச் சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது, ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் தானாகத் திரும்புவதுதான் அது. ராக்கின் உள் பால் ஜாயின்ட், சஸ்பென்ஷன் ஆர்ம்களின் உள் முனைகளைச் சேர்க்கும் கோட்டில் இருக்க வேண்டும். அகலம் பொருந்தாத ராக், தப்பான உயரத்தில் பூட்டிய ராக் இரண்டும் இதைக் கெடுக்கும். ஸ்டியரிங்கை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காரின் மூக்கை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து சக்கரங்களைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உள்ளே வெளியே திரும்பினால் அதிகம். ராக்கை உயர்த்தித் தாழ்த்தச் சில மி.மீ வாஷர் போதும் என்றால் சுலபம். அகலமே தப்பு என்றால் ராக்கையே மாற்ற வேண்டிவரும்.

டை ராடை நீட்டியிருக்கிறார்கள், ரோஸ் ஜாயின்டும் போட்டிருக்கிறார்கள்…

நீட்டும் துண்டுக்குள் மரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. குறைந்தது தண்டின் விட்டம் அளவுக்காவது ஏறியிருக்க வேண்டும். லாக் நட்டு இருபுறமும் இறுகியிருக்க வேண்டும்.

ரோஸ் ஜாயின்ட் (வளையத்துக்குள் குண்டு வைத்த உலோக இணைப்பு) ரேஸ் காருக்கு அருமை. மழையும் குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பும் உள்ள ஊரில் ரப்பர் உறை இல்லாமல் ஓட்டினால் சீக்கிரம் தேயும். போல்ட் தலைக்கும் ஜாயின்டுக்கும் இடையே, ஜாயின்டின் வெளிவளையத்தைவிடப் பெரிய வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள குண்டு உருவிக்கொண்டாலும் அந்த வாஷர்தான் டை ராடைப் பிடித்து நிறுத்தும். ஒரு வாஷரின் விலை தெரியுமல்லவா? அதைப் போடாதவரைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கார்சாவின் மின்சார பவர் ஸ்டியரிங் போட்டிருந்தால்?

இது கிட் கார்க்காரர்களிடம் நன்றாகப் பழகிய வேலை. மோட்டார் காலத்திலேயே இருப்பதால் ஹைட்ராலிக் குழாய்கள் வேண்டாம், மூலக் காரின் கம்ப்யூட்டர் இல்லாமலும் ஓடும். சிலர் குமிழ் வைத்து உதவியின் அளவைக் கூட்டிக் குறைக்கும்படி செய்வார்கள். குமிழை ஓட்டும்போது முழங்கால் இடிக்கும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது. தனி ஃபியூஸ், தடிமனான ஒயர், நல்ல எர்த் இருக்க வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கனமாகும், ஆனால் எங்கும் மாட்டக் கூடாது.

பவர் ராக்கைச் சாதாரண ராக்காக மாற்றியது?

இரண்டு குழாயையும் ஒரு வளையக் குழாயால் இணைத்துவிட்டு முடித்திருந்தால் அரைகுறை வேலை. கனமாக இருக்கும். உள்ளே சீலை எடுத்துச் சுத்தமாகச் செய்தால் நன்றாக ஓடும். எதுவாக இருந்தாலும் பினியன் மேலே ஒரு முறுக்குக் கம்பி இருப்பதால் நடுவில் லேசாக ஸ்பாஞ்ச் போல இருக்கும். அதைத் தேய்மானம் என்று தப்பாக எண்ண வேண்டாம்.

செங்கோணக் கியர் பெட்டி, சங்கிலி, பெல்ட்?

கியர் பெட்டி என்றால் அதன் மேல் தயாரிப்பாளர் தகடு இருக்கிறதா, எந்த இயந்திரத்துக்கான பெட்டி என்று பாருங்கள். அதன் பிராக்கெட்டைத் தொட்டுக்கொண்டே ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லுங்கள். வளைந்தால் வேண்டாம். சங்கிலி, பெல்ட் கொண்டு ஓடும் ஸ்டியரிங்கைச் சாலையில் ஓட்ட நான் வாங்க மாட்டேன்.

முன்புறம் மோதினால் காலம் நெஞ்சுக்கு வராதா?

நல்ல கேள்வி. செவன் வகையில் மூக்கு மெல்லியது, ராக் மிக முன்னால். காலம் மடங்கும் வகையா, அல்லது தண்டில் ஜாயின்ட்களால் தெளிவான வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். ராக்கிலிருந்து ஸ்டியரிங் வீல் வரை ஒரே நேரான இரும்புத் தண்டு போனால் அது ஈட்டிதான். பழைய டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் காலம் போட்ட கார்களில், ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் தண்டை ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடிக்கும். அதன் திருகும் லாக் நட்டும் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதே கார்களின் ராக், ரப்பர் வைத்த கிளாம்பில் நிற்கும். எண்ணெய் ஊறி ரப்பர் இளகியிருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ராக்கே பக்கவாட்டில் நகர்வதைப் பார்க்கலாம். கெட்டியான அலுமினிய கிளாம்ப் போட்டால் தீரும், மலிவுதான்.

ஓட்டிப் பார்க்கும்போது?

காப்பீடு இருப்பதை உறுதி செய்த பிறகு, காலியான சாலையில். மெதுவான வளைவில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வரப் பார்க்க வேண்டும். வராவிட்டால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) போதவில்லை. லோகாஸ்ட் ரகத்தில் இது சகஜமான குறை. ஐவிஏ சோதனையில் தேறுவதற்காக முன் சக்கர டோவையும் (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) டயர் காற்றையும் தற்காலிகமாக மாற்றி வைத்து, பிறகு பழையபடி ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். அதனால் ‘சோதனையில் தேறியது’ என்ற பதில் இங்கே செல்லாது.

அப்புறம், நேர்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கிறதா, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் கையில் உதைக்கிறதா என்று கவனியுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகும் ஜாயின்டைப் பாருங்கள். கிரீஸ் உருகி வழிந்திருந்தால் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும்.

குறை இருக்கிறது. வாங்குவதா, விடுவதா?

போல்ட், வாஷர், ஜாயின்ட், நடு பேரிங், கிளாம்ப், தண்டு: இவையெல்லாம் கழற்றி மாட்டும் சமாச்சாரம். விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். ராக் பூட்டிய சேஸிஸ் குழாயிலேயே விரிசல், சஸ்பென்ஷன் புள்ளிகளே தப்பான இடத்தில், காஸ்டர் சரிசெய்ய வழியே இல்லை என்றால் காரையே திரும்பக் கட்டுவது போல. அதை விட்டுவிடுங்கள், அதே விலையில் வேறு செவன் வரும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால், கிட் கார் வேலை தெரிந்த ஒரு பட்டறையில் ஒரு மணி நேரக் கூலி கொடுத்து, காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விற்பவரைச் சம்மதிக்க வையுங்கள். அந்தக் கூலியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், கார் உங்களுக்கு வந்தாலும் வராவிட்டாலும்.